கஞ்சனுக்கு ஒரு சிலுவை விளக்கு

எங்கள் ஐஸ்லாந்து மீனவ ஊரில் நவம்பரிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஜனவரிக் கடைசி வரை தலைகாட்டாது. அந்த இருட்டிலும் வீட்டில் ஒரு விளக்குக்கு மேல் எரியவிடாத மகராசன் ஸ்டெய்ன்தோர். மனைவி ராக்னா சமையலறையை விட்டு வெளியே கால் வைப்பதற்குள் பின்னாலேயே வந்து சுவிட்சைத் தட்டுவான். ஆற்றுத் தண்ணீரில் சல்லிசாக வரும் மின்சாரம், என்னவோ அவன் அப்பன் வீட்டுச் சொத்து போல! அந்த வீட்டில் காலமெல்லாம் இதே சண்டைதான்.

போன கோடையில் அவன் செத்தான். தொல்லை விட்டது என்று நினைத்தேன். ராக்னாவோ கட்டிலை விட்டு எழவே இல்லை. தலைநகரத்திலிருந்து மகள் பிர்னா வந்து இறங்கினாள்: இருட்டுக்கால மனச்சோர்வுக்கு வெயில் போல வெளிச்சம் கொடுக்கும் பெட்டி, வாசனை மெழுகுவத்தி, உள்ளொளி பற்றி ஒரு புத்தகம், மீன் எண்ணெய் மாத்திரை. ஆயுசெல்லாம் என்னோடு மீன் ஆலையில் நின்றவளுக்கு மீன் எண்ணெய்! எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டு அடுத்த விமானத்தில் போய்விட்டாள். ராக்னா அந்தப் பெட்டி முன்னால் கோழிக்குஞ்சு போல உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் பிறக்கும்போது ஊரார் கல்லறைகளில் மின்சாரச் சிலுவைகளை நட்டு எரியவிடுவார்கள். ஒரு சிலுவை வாங்க அவளைக் கடைக்கு வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"எது ரொம்பப் பெருசோ அதை எடுடி," என்றாள்.

அதை ஸ்டெய்ன்தோரின் கல்லறையில் நட்டு, அங்கிருந்த மின்இணைப்பில் பிளக்கைச் செருகி, இடுப்பில் கைவைத்து நின்றாள். "இப்ப எழுந்து வந்து அணைடா, பாக்கலாம்!"

அன்றிலிருந்து தினமும் போய் அவனைத் திட்டிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். பெட்டி வேலை செய்கிறது என்று பிர்னா ஃபோனில் பீற்றிக்கொண்டாள். பீற்றட்டும்.

பிறகு ஒரு பனிப்புயலில் ஊரே இருண்டது. மறுநாள் மின்சாரம் வந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம். கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சம். ஸ்டெய்ன்தோரின் சிலுவை மட்டும் எரியவில்லை. இவள் மறுபடி போய்ப் படுத்துவிட்டால்?

"பல்பு போயிருக்கும்டி, இரு, மாத்திடறேன்."

"பல்பா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு இவனைத் தெரியாதா? அணைச்சுட்டான்டி, கஞ்சப்பய!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவன் செத்தபோதுகூட அழாதவள், விக்கி விக்கி அழுதாள். நான் கோட்டுப் பையிலிருந்து புது பல்பை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. இன்னிக்கு ஒரு நாள் ஜெயிச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு வந்து வெச்சுக்கறேன் அவனை."