குழாயில் காது வைத்தவர்

பிள்ளைகளா, தெருக்கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையென்று புகார் கொடுத்தவன் நான்தான். குழாய்க் கசிவு பார்க்க நரைமீசைக்காரர் ஒருவர் வந்தார். இரும்புக் கம்பியைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் டாக்டர்போலக் காதை வைத்து, கசியும் சத்தம் கேட்கக் கண்ணை மூடிக்கொள்வார். வீடு வீடாகக் கேட்டு வந்தவர், நம் வாசலில் நின்றுவிட்டார்.

தண்ணீர் வந்தால் தானாக நிறையட்டும் என்று நான் தொட்டிக் குழாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

"உங்க தொட்டிதாண்ணே நிரம்பிச் சாக்கடைக்குப் போகுது," என்றார் மெதுவாக. "அம்புட்டுத் தூரத்துல இருந்து மோட்டார் போட்டு ஏத்துற தண்ணி. அந்தக் கரண்டுக்கு எரிச்ச நிலக்கரியும் வீணு, விட்ட புகையும் வீணு."

"டாக்டரே, ஓட்டை எங்கிட்டு?" என்று கத்தினாள் கடைசி வீட்டு அக்கா.

"இன்னைக்கே அடைஞ்சிரும் தாயி!" என்றவர், என்னைக் காட்டிக்கொடுக்காமல், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே, தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக நிறுத்தும் மிதவை வால்வு மாட்டினேன். மறுமுறை தண்ணீர் வந்து தொட்டி நிறைந்ததும், தனியாகப் போய், அவரைப்போலவே குழாயில் ஒரு கம்பியை ஊன்றிக் காது வைத்தேன். வழிந்தோடும் சத்தமே இல்லை. கடைசி வீட்டில் குடம் நிறைவது மட்டும் கேட்டது.