யாரும் மறுக்காத வாக்கியம்

பள்ளி ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று நேற்று, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று உங்களுக்கே தெரியும். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு முறை நானும் ஆய்வு செய்திருக்கிறேன்.

அப்போது உயர்நிலை இரண்டில் இருந்தேன், பதினான்கு வயது. தமிழ் டீச்சர் தலைப்போடு ஒரு வாக்கியமும் கேட்டார். "நீ என்ன சொல்ல வர்றேங்கிறது அந்த ஒரு வாக்கியத்துல இருக்கணும். அதை யாராவது மறுத்துப் பேச முடியணும். முடியலைன்னா அது ஆய்வு இல்ல, வெறும் தகவல்."

நான் முதலில் 'தேக்கா சந்தை' என்று எழுதிக் கொடுத்தேன். சந்தை முழுவதையும் எப்படி ஆராய்வாய் என்று திருப்பிக் கொடுத்தார். 'தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம்' என்றேன். அது கண் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும் என்றார். திங்கட்கிழமை கொடுக்கும் வாக்கியமும் தேறாவிட்டால், வேறு பிள்ளைகளின் குழுவில் சேர்ந்து அட்டையில் படம் ஒட்ட வேண்டியதுதான்.

ஞாயிறு மாலை கோயிலுக்குப் போய்விட்டு, அப்பா, அம்மா, மாமா, நான் நான்கு பேரும் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தோம். கைவசம் இருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, யாராவது மறுக்கிறார்களா என்று பார்த்தேன்.

"பிரியாணியை விடத் தோசைதான் உடம்புக்கு நல்லது."

"ஆமாடா," என்றார் மாமா, வாய் நிறையப் பிரியாணியோடு. "அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

"பள்ளிக்கூடத்தை விடியக் காலையில ஆரம்பிக்கக் கூடாது."

"கூடாதுதான். உன்னை எழுப்புற பாடு எனக்கில்ல தெரியும்?" என்றார் அம்மா.

எல்லாரும் ஒத்துக்கொண்டே போனால் நான் எப்படித் தேறுவது? மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

அப்பா லாரி ஓட்டினார். காலையில் கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதியிலிருந்து அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கட்டுமான இடங்களில் இறக்கிவிடுவார். ஒரு மழை நாளில் பள்ளிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அந்த லாரியைப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் அத்தனை பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார்கள். லாரி கம்பெனியுடையது, அப்பாவுடையது இல்லையே என்ற தைரியத்தில் அந்த வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன்.

"லாரிக்குப் பின்னால ஆட்களை ஏத்தக் கூடாது. பஸ்ஸுலதான் கூட்டிப் போகணும்."

மாமாவின் கரண்டி நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"யாராச்சும் மறுங்களேன்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து, லாரியில் வரும் ஊழியர் ஒருவர் காய்கறிப் பையோடு எங்களிடம் வந்தார். "அண்ணே, நாளைக்கு மழைங்கிறாங்க. தார்ப்பாய் ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு."

"காலையில கட்டிர்றேன் தம்பி," என்றார் அப்பா.

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "கவலைப்படாதீங்க. இவன் உங்கள பஸ்ஸுல அனுப்பப் போறான் லா."

"பஸ்ஸா? நல்லாத்தான் இருக்கும்." சிரித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அண்ணன் ஓட்டுறப்ப எங்களுக்கு என்னண்ணே பயம்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

நான் விடவில்லை. "கம்பெனி பஸ் வாங்கினா நீங்களே ஓட்டலாமேப்பா."

"பஸ்ஸுக்கு வேற லைசென்ஸ் வேணும். அப்பாகிட்ட இல்ல," என்றார் அம்மா.

ஆதாரம் திரட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் அதையும் குறித்துக்கொண்டேன்.

"மச்சான், இவன் உங்க சோத்துலயே..." என்று மாமா ஆரம்பித்தார். அம்மா முறைத்ததும் பிரியாணிக்குத் திரும்பினார்.

"எழுதட்டும்," என்றார் அப்பா. "அவன் சொல்றது பொய் இல்லையே."

திங்கட்கிழமை நல்ல மழை. டீச்சர் என் வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். "இதை யார் மறுப்பாங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல கேட்டுப் பார்த்துட்டேன் டீச்சர். யாரும் ஒண்ணும் சொல்லல. இதுவும் தேறாதா?"

"ஒத்துக்கவும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தேறும் என்றார்.

அன்று மாலை அப்பா, தார்ப்பாய் கட்டும் கயிற்றுச் சுருளோடு தொப்பலாக நனைந்து வந்தார். லாரி ஓட்டுபவர் எப்படி நனைவார் என்று நான் கேட்கவில்லை. தலைப்பு தேறிவிட்டது என்று குதித்தேன். அவர் சட்டையைப் பிழிந்து மூங்கில் கழியில் மாட்டினார்.

"அத யாரெல்லாம் படிப்பாங்க?"

"டீச்சர் மட்டும்தான்பா."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். இவ்வளவு நல்ல வாக்கியத்தை ஒரே ஒருவர்தான் படிக்கப் போகிறார் என்று அவருக்கு வருத்தம் போலும் என்று நினைத்தேன். நன்றாக எழுதினால் பள்ளி ஆண்டிதழில் போடுவார்கள், எல்லாரும் படிப்பார்கள், கவலைப்படாதீர்கள் என்று அவரைத் தேற்றினேன்.