லேமினேட் செய்த சீட்டு

மருந்துகள் மூளையை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. மேடை மேடையாக அதைத்தான் பேசுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஆனி மாதம். தென்காசியில் என் கிளினிக்குக்கு வடகரை விவசாயி ஒருவர் மூன்றாவது முறையாக வந்தார். கை நடுங்கியது, முகத்தில் சிரிப்பே வரவில்லை. நடுக்குவாதம் என்று முடிவு கட்டி, வரும்போதெல்லாம் மருந்தைக் கூட்டினேன். நடுக்கமும் கூடிக்கொண்டே போனது.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதாரா?" என்று கூட வந்திருந்த அவர் மனைவியிடம் அன்றுதான் கேட்டேன்.

"நீங்க தந்ததுதான் டாக்டரம்மா. மூணு வருசம் முன்ன கேம்புல தலசுத்தலுக்கு எழுதிக் குடுத்தீங்கல்லா? மெடிக்கல்ல சீட்டக் காட்டி வாங்கி, ஒரு வேள விடாம குடுக்கேன்."

சீட்டு கிழிந்துவிடக் கூடாதென்று லேமினேட் செய்து வைத்திருந்தார். என் கையெழுத்து. காலை ஒன்று, இரவு ஒன்று. எத்தனை நாள் என்று மட்டும் நான் எழுதவில்லை.

மாதக்கணக்கில் தின்றால் அந்த மாத்திரையே நடுக்கத்தைக் கொண்டுவரும். மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "நிப்பாட்டினா சரியாயிரும்லா?" என்று மட்டும் கேட்டார். நிறுத்தினோம். நடுக்கம் பாதிதான் குறைந்தது.

அந்தக் கேம்பில் அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. தலைசுற்றல் என்று வந்தவர்களுக்கெல்லாம் அதே மாத்திரையை, அதே அவசரத்தில் எழுதினேன். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

இப்போது குற்றாலம் கடைவீதியில் யாராவது "டாக்டரம்மா" என்று கும்பிட்டால், முகத்தைப் பார்க்குமுன் கைகளைப் பார்க்கிறேன்.