ஒருத்திக்கு மட்டும் இடமுள்ள படுக்கை

நெல்டா ஹென்ஸ்லியின் இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஐம்பத்தேழு வயதுக்கு உண்டான தேய்மானம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் போன ஜூன் மாதம், "இனிமே டென்ட் வேண்டாம் மார்வா, தரையில படுத்தா இடுப்பு போயிடுது" என்று சிநேகிதியிடம் அவள் சொன்ன பொய் ஊர் முழுக்கப் பரவி, இப்போது சர்ச்சில் ஞாயிறுதோறும் அந்த இடுப்புக்காக ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

டென்னசியின் கிழக்கோரத்து மலைப்பாதைகளில் இப்போதெல்லாம் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் கூடாரத்தை வீட்டில் விட்டுவிட்டுத் தூளியோடு நடக்கிறார்கள். கடையில் ஹேமக் என்று விற்பார்கள். பார்வைக்குப் பிள்ளையைப் போடும் தூளியேதான். கொஞ்சம் நீளம் கூட, மேலே கொசுவலை, அதற்கும் மேலே மழைக்கு ஒரு தார்ப்பாய். இரண்டு மரங்களில் நாடாப் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு, குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்தால் முதுகு மட்டமாகிவிடும். ஏன் மாறினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதுகுவலி. சமதரை தேடி அலைய வேண்டாம். மழைத்தண்ணீர் அடியில் புகாது. காலையில் முட்டி போட்டுத் தவழ்ந்து வெளியே வர வேண்டாம், நாற்காலியிலிருந்து எழுவதுபோல் எழுந்துவிடலாம். எல்லாவற்றிலும் பெரிய காரணம் இடுப்பு. அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நெல்டா பள்ளிக்கூட அடுப்படியில் வேலை செய்தாள். விடியுமுன் போய்ப் பெரிய தட்டுகளில் பிஸ்கட் என்கிற குட்டி ரொட்டிகளுக்கு மாவை வெட்டி அடுக்கி, மேலே ஊற்றக் கிரேவி கிண்டி, பதினோரு மணிக்குள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு தயாராக வைக்க வேண்டும். "மிஸ் நெல், இன்னும் கொஞ்சம்" என்று வரிசை முழுக்க அவள் பெயர்தான். வீட்டுக்கு வந்தால் டெல்மர். மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரவில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவன் சத்தம் போட மாட்டான், இடது கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டு, "நெல்... மன்னிச்சுக்கோ" என்பான். கத்துகிறவனாக இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். அவன் கூப்பிடாத இரவுகளில் ஏன் கூப்பிடவில்லை என்று அவளே விழித்துக்கொண்டு, அவன் மூச்சைக் கேட்டபடி கிடப்பாள்.

பள்ளி மூடியதும் ஜூனில் மூன்று இரவு மட்டும் நாத்தனார் ஓப்பல் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். அந்த மூன்று இரவும் நெல்டாவும் மார்வா டிப்டனும் மலையில் இருப்பார்கள். டெல்மர் நன்றாக இருந்த காலத்திலிருந்தே வழக்கம் அது.

மார்வா தபால்காரி. மலையடிவாரச் சாலைகளில் நாள் முழுக்கத் தனியாக ஜீப் ஓட்டி, பெட்டி பெட்டியாகக் கடிதம் போட்டுவிட்டு, யாருமில்லாத வீட்டுக்குத் திரும்புகிறவள். புருஷன் இறந்து பன்னிரண்டு வருஷம். கூடாரத்தின் ஜிப் மூடியதும் மார்வாவின் வாய் திறந்துவிடும். எந்த வீட்டு நாய் அவளைப் பார்த்து வாலாட்டியது, எவன் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து கவர் வருகிறது, அரசாங்கம், கர்த்தர், மூட்டுவலித் தைலம். நெல்டா 'உம்' கொட்டுவாள். கொட்டாவிட்டால் ஒரு கை வந்து தோளை உலுக்கும். "தூங்கிட்டியாடி?"

தூளியை நெல்டா முதலில் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன், மலையேறிகள் இரவு தங்கும் ஒரு கொட்டகைக்கு வெளியே. தலை முழுக்க நரைத்த பெண்மணி ஒருத்தி இரண்டு பர்ச் மரங்களுக்கு நடுவே கிடந்து, டப்பாவிலிருந்து கடலை வெண்ணெயைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"தனியா இப்படித் தொங்கறதுக்குப் பயமா இல்லையா?" என்று மார்வா கேட்டாள்.

"உள்ள ஒருத்திக்குத்தான் இடம் கண்ணு," என்றாள் அவள், கரண்டியை நக்கிக்கொண்டு. "பயத்துக்கெல்லாம் இடமில்ல."

மார்வா சிரித்தாள். நெல்டா சிரிக்கவில்லை. ஒருத்திக்குத்தான் இடம் என்ற அந்த ஒரு பேச்சு குளிர்காலம் முழுக்க அவளுக்குள் கிடந்தது. கிரேவி கிண்டும்போதும் டெல்மரைப் புரட்டும்போதும் அதையே நினைத்தாள். வசந்தம் வந்ததும் தூளி வாங்கினாள். இடுப்பு என்று சொன்னாள்.

ஆனால் போன வருஷம் நினைத்தது நடக்கவில்லை. முதல் இரவு, அடியில் கட்டும் போர்வை வாங்க வேண்டும் என்பது தெரியாமல், கீழிருந்து வந்த குளிரில் பல் கிட்டிக் கிடந்தாள். அடுத்த இரண்டு இரவும் மார்வா தன் கூடாரத்தைத் தூளிக்குக் கையெட்டும் தூரத்திலேயே போட்டுக்கொண்டு, வலைத்துணி வழியாகவே கதை சொன்னாள். 'உம்' வராதபோது தூளியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள்.

இந்த வருஷம் நெல்டா அடிப்போர்வை வாங்கிவிட்டாள். ஆனாலும் முதல் இரண்டு இரவும் அதே கதைதான். கையெட்டும் தூரத்தில் கூடாரம், 'உம்' வராவிட்டால் ஓர் உலுக்கல். இனி மிச்சம் ஒரே ஒரு இரவு. மறுநாள் மத்தியானம் ஓப்பல் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் அடுத்த ஜூன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மரமே இல்லாத புல் உச்சியை அங்கே மொட்டை என்றுதான் சொல்வார்கள். அதைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, ஸ்ப்ரூஸ் காட்டில் தங்குவதாகப் பேச்சு. மார்வா உச்சியின் நட்டநடுவில் நின்று மூட்டையைத் தொப்பென்று இறக்கினாள்.

"இங்கதான் இன்னிக்கு."

"இங்க மரம் எங்க இருக்கு?"

"மரம் எதுக்கு?" மார்வாவின் முகத்தில் பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவளின் களை. மூட்டையின் அடியிலிருந்து ஒரு நீலச் சுருளை உருவினாள். "மூணு நாளா சுமந்துட்டு வரேன், உனக்குன்னு. ஊதினா மெத்தை, நாலு வெரல் கனம். இடுப்பு ஆபரேஷன் பண்ணினவங்களே இதுல படுத்துத் தூங்கறாங்களாம், கடைக்காரன் சொன்னான். டென்ட்டும் புதுசு, பெருசு. உருண்டு பொரளலாம்."

நெல்டா அந்த நீலச் சுருளைப் பார்த்தாள்.

"நல்ல மனசு உனக்கு. ஆனா வேண்டாம். கீழ பத்து நிமிஷம் இறங்கினா மரம் இருக்கு."

"ஏன் வேண்டாம்?"

"தூளியே பழகிடுச்சு."

"இடுப்பு வலிக்காரி மூட்டையத் திரும்பத் தூக்கிட்டு இறங்குவாளாம், மெத்தையில படுக்க மாட்டாளாம். என்ன கதைடி இது?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். மெத்தை ஒத்துக்கொள்ளாது, டாக்டர் சொன்னார் என்று ஏதாவது. அதை யோசித்து உருவாக்கக்கூட நெல்டாவுக்கு அலுப்பாக இருந்தது.

"என் இடுப்புக்கு ஒண்ணும் இல்ல, மார்வா."

"என்ன?"

"நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

மார்வா அவள் இடுப்பைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "சர்ச்சுல உனக்கு ஜெபம் பண்ணினோமேடி!"

"தெரியும்."

"நான் எந்திரிச்சு நின்னு பண்ணினேன்! அழுதுகிட்டே!"

"தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"அடிப்பாவி." மார்வா நீலச் சுருளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான்தான் காரணமா? என் வாயா? கொறட்டையா? சொல்லித்தொல."

"நீ இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான்." நெல்டா புல்லைப் பார்த்தபடி சொன்னாள். "ஒருத்தர் கையும் எட்டாத எடத்துல படுக்கணும் எனக்கு. கூப்பிட்டா எந்திரிக்க வேண்டாத எடத்துல. வருஷத்துல ஒரு ராத்திரி போதும். தூளியில ரெண்டாம் ஆள் படுக்க முடியாது. அதுக்குத்தான் வாங்கினேன்."

மார்வா கைக்கெட்டிய புல்லை ஒரு பிடி பிடுங்கினாள்.

"எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் படுத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சு," என்றாள். "வருஷத்துல மூணு ராத்திரி நீ படுப்ப. மூச்சு விடற சத்தம் கேக்கும். அதுக்குத்தான் இந்த மலையெல்லாம் ஏறறேன். மலை எனக்குப் புடிக்கும்னா நெனச்ச? முட்டி ரெண்டும் கழண்டு போகுதுடி எனக்கு."

நெல்டா அப்படித்தான் நினைத்திருந்தாள். இத்தனை வருஷமும்.

வேறொரு நாளாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள். அவள் உடம்பே அதற்கென்று வார்த்த உடம்பு. ஆனால் விட்டுக்கொடுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்றைக்கு அது அவளிடம் மிச்சமில்லை. மூட்டையை மறுபடி தோளில் ஏற்றினாள். "காலையில வரேன்" என்று சொன்னதை மார்வா காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஸ்ப்ரூஸ் காடு புல்வெளி முடிந்த உடனேயே தொடங்கியது. நெல்டா முதலில் அண்ணாந்து பார்த்தாள். தூளிக்காரர்கள் எல்லோரும் செய்வது. பட்டுப்போன மரம் நின்ற நிலையிலேயே ராத்திரி சாய்ந்துவிடும். பச்சையாக இரண்டைத் தேர்ந்து பட்டையைச் சுற்றினாள், தூளியை மாட்டினாள், அடிப்போர்வையை இழுத்துவிட்டாள். சாப்பாட்டுப் பையைத் தள்ளி ஒரு கிளையில் கரடிக்கு எட்டாமல் கட்டினாள். பசிக்கவில்லை. வெயில் இன்னும் கிளைகளுக்கு நடுவே மஞ்சளாக நின்றுகொண்டிருந்தபோதே ஏறிப் படுத்து வலையை மூடினாள்.

தூளி தன் பாட்டுக்கு இரண்டு மூன்று தரம் அசைந்து நின்றது. இரு பக்கமும் துணி உயர்ந்து தோளை அணைத்துக்கொண்டது. நெல்டா கண்ணை மூடினாள்.

"நெல்!"

மேலேயிருந்து வந்தது குரல். காற்று அதைக் கீழே கொண்டுவந்து போட்டது.

"நெ...ல்!"

நெல்டாவின் ஒரு கால் அதற்குள் வலைக்கு வெளியே போயிருந்தது. அவள் யோசித்து நீட்டவில்லை. கால் தானே போயிற்று. அப்படியே அசையாமல் கேட்டாள். மார்வாவின் குரலில் எத்தனை வகை உண்டென்று அவளுக்குத் தெரியும். பாம்பு என்றால் கீச்சென்று வரும். விழுந்துவிட்டால் முதலில் கெட்டவார்த்தை வரும், பிறகுதான் பெயர். இது அந்த வகை எதுவும் இல்லை. ஏதோ வேண்டும் என்று கூப்பிடும் குரல். பாதி கோபம், பாதி வேறு ஏதோ.

இன்னொரு தரம் கூப்பிட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

நெல்டா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். திருடிவிட்டு ஒளிந்துகொண்டவள் மாதிரி ஒடுங்கிக் கிடந்தாள். போயிருக்கலாம் என்று நினைத்தாள். போகவில்லை என்றும் நினைத்தாள். இரண்டில் எதை நினைத்தபடி தூங்கிப்போனாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது வெயில் முகத்தில் இருந்தது. கன்னத்தில் எச்சில் காய்ந்து இழுத்தது. ஒரு கை முழுக்க மரத்துக்கிடந்தது. இரவெல்லாம் அதன்மேலேயே புரளாமல் படுத்திருக்கிறாள். கடைசியாக எப்போது அப்படித் தூங்கினோம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். தூளியைச் சுருட்டிக் கட்டும்போதுதான் சட்டைப்பைக்குள் லைட்டர் தட்டுப்பட்டது. இருவருக்கும் இருந்ததே அது ஒன்றுதான்.

மேலே மார்வா எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டு, அடுப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டேன்," என்றாள்.

"கேட்டுச்சு."

"லைட்டர் உன்கிட்ட."

"இப்பத்தான் பாத்தேன்."

"பச்சத்தண்ணியில நூடுல்ஸ ஊறவெச்சுத் தின்னேன். ஊறவும் இல்ல. கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது."

மன்னித்துக்கொள் என்ற சொல் நெல்டாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். காபிப் பொடியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, முதல் கோப்பையை மார்வாவிடம் நீட்டினாள்.

"தூங்கினியா?" என்றாள் மார்வா.

"தூங்கினேன்."

"முழுசா?"

"முழுசா."

மார்வா அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியே வேற மாதிரி இருக்குடி. பன்னு மாதிரி உப்பிப் போயி."

"நீ தூங்கலியா?"

"எங்க. ராத்திரி பூரா காத்து டென்ட்டத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. யாருன்னு கேட்டேன். சொல்லித் தொலைக்கல."

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. மார்வா சிரிக்கவில்லை; ஆனால் காபியைக் கொட்டவும் இல்லை.

இறங்கத் தொடங்கினார்கள். மார்வா முன்னால். வழக்கமாகப் பேசிக்கொண்டே போகிறவள் வெகுதூரம் பேசாமல் நடந்தாள். பின்னால் வந்த நெல்டா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். தூக்கம் கொடுத்த தெளிவில் அந்த முதுகு எவ்வளவு வளைந்துவிட்டது என்பது தெரிந்தது. இந்த மலைநடை இதோடு முடிந்தது என்று அது எந்த நிமிஷமும் திரும்பிச் சொல்லிவிடும் என்று தோன்றியது.

"அடுத்த ஜூன்ல வில்டாவக் கூட்டிட்டு வரலாம்னு பாக்கறேன்," என்றாள் மார்வா, திரும்பாமலே.

"உன் தங்கச்சியையா? உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதே."

"ஒரே டென்ட்ல அடச்சா எவ்வளவு நேரம் பேசாம இருப்பா?"

"அவ கொறட்ட விடுவாளே. எங்க அடுப்படிக் கிரைண்டர் மாதிரி."

"விடட்டும். ஏதோ ஒரு சத்தம்."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். வேர்கள் குறுக்கே கிடந்த இடத்தில் மார்வா நின்று, கைத்தடியை ஊன்றி, மெதுவாக ஒரு காலை இறக்கினாள்.

"நீ வருவதானே?"

"வருவேன். நான் காட்டுக்குள்ள, தள்ளி."

"எவ்வளவு தள்ளி?"

"நீ கத்தினா கேக்கற தூரம்."

"கேட்டா வருவியா?"

நெல்டா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "பாம்புன்னா வருவேன்."

"கரடின்னா?"

"கரடிகிட்ட நீயே பேசிக்கோ. அதுவா ஓடிடும்."

மார்வாவின் தோள் குலுங்கியது. சிரிப்பா, இறக்கத்தில் கால் இடறியதா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கார் நிற்கும் இடத்துக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. மத்தியானத்துக்குள் ஓப்பலை அனுப்ப வேண்டும். நெல்டா மூட்டைப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டு எட்டி நடந்தாள்.