வாசலில் தொங்கிய பதினாறாம் நாள் கதிர்

ஆடி மாதம் நிறைபுத்தரிசி அன்று புதுக்கதிரை வாசலில் கட்டுவது என் மாமியாரின் ஊர் வழக்கம். மற்ற வருடங்களில் மாட்டுங்கா கடைத்தெருவில் வாங்கி வருவார். இந்த வருடம் மழையில் போக முடியவில்லை. தாராவியில் எங்கள் கட்டட மொட்டைமாடியில், என் தொட்டிகளில் கதிர் இருந்தது. அறுத்துக் கட்டிவிட்டார்.

அவை என் ஆராய்ச்சிச் செடிகள். இலையில் உண்டாகும் சர்க்கரை தண்டு வழியாக ஏறி நெல்மணிக்குள் மாவாகிறது. அதை மணிக்குள் அனுப்பும் மரபணு பழுதானால் செடி பச்சையாகத் தழைத்து நிற்கும். மணியில் பாதி பதராகிவிடும். பழுதான வகை ஆறு தொட்டி, நல்ல வகை ஆறு தொட்டி. பூத்த நாளிலிருந்து எண்ணி, குறித்த நாட்களில் இரண்டிலும் கதிர் அறுத்து எடைபோட்டு ஒப்பிட வேண்டும். ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு செம்பூர் ஆய்வகத்துக்குத் தினமும் போக முடியாமல், ஆராய்ச்சி வழிகாட்டியிடம் கெஞ்சித் தொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

எடையில்லாமல் விறைத்து நின்ற கதிர்களை மாமியார் தொடவில்லை. தலைசாய்ந்த நல்ல கதிர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேனே அத்தை."

"தொட்டிய தொடாதன்னு சொன்ன. வீட்டுல வெளஞ்சத வெச்சிக்கிட்டு கடைக்கு ஓடணுமாக்கும்?"

"அது சாமிக்கு வளர்த்தது இல்ல."

"பின்ன யாருக்கு? நெல்லு பதராப் போறத பாக்கதுக்கு ஒரு படிப்பு. வெளைய வைக்கதுக்குப் படிச்சாலும் கொள்ளாம்."

என்ன செடி என்று முன்பே விளக்கியிருக்கலாம். கேலி செய்வார் என்றுதான் சொல்லவில்லை. அப்படியானால் தவறு என்னுடையதா? அந்த நேரத்திலும் இப்படி யோசித்த என்மீதே எனக்கு எரிச்சல் வந்தது.

"ஜானே தோ, விடு, நாளைக்கு எடுத்துக்கோ" என்றார் கணவர், போனிலிருந்து தலை தூக்காமல்.

நாளைக்கு முடியாது. அறுத்த பிறகும் ஈர மணி சுவாசிக்கும்; எடை குறையும். செடிகள் பூத்து இன்று பதினாறாம் நாள்; இன்றே ஆய்வகத்தில் உலர்த்தினால் இந்த நாள் கணக்காவது மிஞ்சும். ஒப்பிடுவதற்காகப் பழுதான செடிகளிலிருந்து நான்கு கதிரை அறுத்துக்கொண்டு வந்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார் குரலை உயர்த்தவில்லை. "கட்டுன அன்னைக்கே கதிர எறக்குனா வீட்டுல உள்ள பிள்ளைக்கு ஆகாது. உன் பிள்ளைதான். பாத்துக்கோ."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவிழ்த்தேன். இரு வகைக் கதிரையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, பதினாறாம் நாள் என்று எழுதினேன். குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன்.

செம்பூர் போகும் வழியில் ஆட்டோவில் அவன் இரண்டு முறை தும்மினான். சாரல் அடித்தது; அதனால்தான் என்று எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் உலர்த்தும் பெட்டி சூடாகித் தயாராக இருந்தது. உறைகளை மேசையில் வைத்துவிட்டு, முதலில் தெர்மாமீட்டரை எடுத்து அவன் அக்குளில் வைத்தேன்.