நைனா நேர்ந்துகொண்டது

கல்லூரியில் தத்துவமும் சமயவியலும் படிக்கப்போகிறேன் என்று சொன்னால், ராயபுரத்தில் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆணென்றால் சாமியார், பெண்ணென்றால் சிஸ்டர். எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றி அதுவரை தத்துவம் படித்த எல்லோருமே சாமியாராகப் போகும் குருமடத்துப் பையன்கள். நகரத்தின் மறுகோடியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, உதவித்தொகையும் தருகிறது, எந்த மடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்த வுடு. உடுப்பு வெள்ளையா, நீலமா?" என்றார்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சல். தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் பெண்கள் வழிவிட்டார்கள். விடுதலைக்குப் போராடும் வயதில் இப்படியொரு மரியாதை கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெண் கேட்டு வந்த உறவுக்காரர்களிடம், "அது பட்ச்சிகினு கீது, அத்தத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். இப்படி ஒரு அப்பா இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறார் என்று வகுப்புத் தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் நைனாவின் நுரையீரல் முற்றிலும் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவர் ஒரு பிற்பகலில் என்னைப் பார்த்து, "உடுப்பு எப்பமா குடுப்பாங்க? அத்த பாத்துட்டன்னா போதும்" என்றார்.

தெருவின் அதே தப்புதான். எழுந்து வெளியே வந்தேன். வராண்டாவில் அம்மா அழுதுகொண்டே மீதியைச் சொன்னார். கைக்குழந்தையாக எனக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்த அன்று, டாக்டர் கைவிரித்ததும், நைனா வேலை உடுப்போடு மாதா சிலை இருக்கும் கெபிக்கு ஓடியிருக்கிறார். பிழைக்க வைத்தால் இவளை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை. யாரும் வற்புறுத்தாமல் நானாகவே 'சாமி படிப்பு' கேட்டதும், மாதாவே ஏற்பாடு செய்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்னொருவர் வாழ்க்கையை வைத்து ஒருவர் வாக்குக் கொடுக்க முடியாது என்று அந்த செமஸ்டரில்தான் வகுப்பில் வாதாடிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அதையே கட்டிலருகில் உட்கார்ந்து, முடிந்தவரை எளிய தமிழில் சொன்னேன். மடத்துக்குப் போகமாட்டேன் என்பதையும் சொன்னேன். நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்றது ரைட்டாத்தான் இருக்கும்மா. ஆனா வாங்கிக்கினு குடுக்காம போறவன்தான நானு? அங்க போயி எந்த மூஞ்சிய வச்சிகினு நிப்பேன்?"

அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. சாகும் முன் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிடவா என்று அம்மா கேட்டபோதும் வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தப் பயத்தோடு அவர் சாவதை என்னால் பார்க்க முடியவில்லை. போகிறேன் நைனா என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சாகக் கிடப்பவரிடம் பொய் சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை.

பங்குச் சாமியாரிடம் சண்டை போடத்தான் போனேன். இளம் வயதுக்காரர், காலைப் பூசை முடித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"நேர்ச்சை, நேர்ந்துகொண்டவரை மட்டும்தாம்மா கட்டும். உன்னைக் கட்டாது. அவரையும் அதிலிருந்து விடுவிக்கத் திருச்சபை எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. வா, போகலாம்."

இவ்வளவு சுலபமா என்று ஆத்திரம்கூட வந்தது. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். நைனாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். பிறகு குனிந்து, காதருகே தெளிவாகச் சொன்னார்.

"ஐயா, நீங்க நேர்ந்துகொண்டதிலிருந்து உங்களை விடுவிச்சாச்சு. இனிமே நீங்க எதுவும் கொடுக்க வேண்டியதில்லை."

நைனா நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இவ எனக்கே எனக்கா சாமி?"

"உங்களுக்கேதான்" என்றார் சாமியார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் என் அண்ணனை நைனா அடிப்பார், அடித்த கையோடு தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். என்னை அடித்ததும் இல்லை, தூக்கியதும் இல்லை. பெண்பிள்ளை என்பதால் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டிய பிள்ளையிடம் ஆசை வைக்கக்கூடாது என்று அந்த மனுஷன் இருபது வருடமாகத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

"கிட்ட வாடி" என்றார்.

போனேன். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் என் முகத்தைத் தடவினார். கன்னம், மூக்கு, காது எல்லாம் தொட்டுப் பார்த்தார். அன்றே பூசுதலும் பெற்றுக்கொண்டார். மறுநாள் கஞ்சி குடித்தார், முடியை ஏன் இப்படி வெட்டி வைத்திருக்கிறாய் என்று திட்டினார். எனக்கு ஒரு அப்பா கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.