மணிக்குப் பதினைந்து ரூபாய் ஆள்

தேனி பஜாரை ஒட்டிய சங்கரலிங்கம் பட்டறையில் ஏசுதாசனுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். குமாஸ்தா வேலை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை; ஆனாலும் சாயங்காலமானால் பட்டறையிலேயே அதிகம் களைத்துப்போகிறவர் அவர்தான். இரும்பு தூக்குகிறவன் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏசுதாசன் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

எழுபத்து மூன்றாம் வருடம் முதலாளி சங்கரலிங்கம் கோயம்புத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். சாப்பிட்டுக் கைகழுவித் திரும்பியிருந்தால் இந்தச் சரித்திரத்துக்கே வேலையில்லை. பெண் வீட்டார் அவரை ஒரு பெரிய தொழிற்சாலையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஒர்க் ஆர்டர் அட்டை. அட்டையில் ஆள் எத்தனை மணி, மெஷின் எத்தனை மணி, மணிக்கு என்ன ரேட் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. முதலாளி ஞானம் பெற்றார். வரும்போதே ஆயிரம் அட்டை அச்சடித்துக்கொண்டு வந்தார்.

அதுவரை பட்டறையில் ரேட் போடுகிற முறை மிகவும் சாஸ்திரீயமானது. பம்ப்செட் ஷாஃப்டைத் தூக்கி வருகிற விவசாயச் சம்சாரியின் முகத்தைப் பார்ப்பது, பிறகு காலைப் பார்ப்பது. செருப்பு இருந்தால் ஒரு ரூபாய் கூட. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் என்றால் செருப்பைப் பார்க்காமலே இரண்டு ரூபாய் கூட. யாரும் குறை சொன்னதில்லை.

"இனிமே மூஞ்சியப் பாத்துச் சொல்ற சோலியெல்லாம் கிடையாது கணக்கய்யா," என்றார் முதலாளி. "லேத்து வேலைக்கு மணிக்கு எவ்வளவு அடங்குதுன்னு பாருங்க. அதுக்கு மேல கால் பங்கு லாபம். முடிஞ்சிச்சு."

ஏசுதாசன் பார்த்தார். லேத் ஓட்டுகிற ஒச்சாண்டிக்கு மாதச் சம்பளம் நூற்றெண்பது. லேத்துக்கு, ஓடினாலும் நின்றாலும், தேய்மானம், வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி என்று நூற்றிருபது. ஆக முந்நூறு. அதை லேத் ஓடிய மணியால் வகுக்க வேண்டும். மாதம் இருநூறு மணி ஓட வேண்டிய லேத், மின்வெட்டின் புண்ணியத்தில் நூறு மணிதான் ஓடியிருந்தது. மணிக்கு மூன்று ரூபாய். லாபம் சேர்த்து மூன்றே முக்கால்.

எதிர்வரிசையில் ஜேசுராஜ் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஏசுதாசனுக்கு முன் பெஞ்சில் கண்ணை மூடி ஜெபிப்பவர். மற்ற ஆறு நாளும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருப்பவர். அவர் அட்டை கிட்டை எதுவும் அடிக்கவில்லை. மணிக்கு மூன்று ரூபாய் என்றார். சம்சாரிகளில் பாதிப் பேர் ரோட்டைக் கடந்தார்கள்.

அடுத்த மாதம் ஐம்பது மணி. வகுத்தால் ஆறு ரூபாய். அதைச் சொன்னதும் மீதிப் பேரும் ரோட்டைக் கடந்தார்கள். மூன்றாம் மாதம் இருபது மணி. ஏசுதாசன் மூன்று தடவை வகுத்தார். மூன்று தடவையும் பதினைந்து வந்தது.

முதலாளி அட்டையைப் பார்த்து நாற்காலியில் சரிந்தார்.

"ஒச்சாண்டி மணிக்குப் பதினஞ்சு ரூவாயா? தாசில்தாருக்கே அம்புட்டு இல்லையேய்யா!"

"அவனுக்குச் சம்பளம் அதே நூத்தெம்பதுதான் மொதலாளி. வேலை வராததுனால..."

"கணக்குப் போட்டது நீங்கதான?"

"நான்தான்."

"பொறவென்ன? இந்த மாசக் கடைசிக்குள்ள மூணு ரூவாய்க்குக் கீழ கொண்டாங்க. இல்லைன்னா ஒச்சாண்டிக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிச்சிருங்க. பதினஞ்சு ரூவா ஆளு நமக்குக் கட்டாது."

ஒச்சாண்டிக்கு லேத்தைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. இடது காது கேட்காமல் போனதும் அந்த லேத் கொடுத்ததுதான். அவனை அனுப்பும் சீட்டையும் ஏசுதாசன்தான் எழுத வேண்டும்.

மறுநாள் காலையில் ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து மேஜைமுன் நின்றாள்.

"ஏன் கணக்கய்யா, எங்க வீட்டு ஆளுக்கு மணிக்குப் பதினஞ்சு ரூவாயாம்ல? மொதலாளியே சொன்னாகன்னு டீக்கடையில பேசிக்கிறாக. வீட்டுக்கு மாசம் நூத்தெம்பதுதான் வருது. மீதிய எவகிட்டக் குடுக்காரு?"

"ஆத்தா, அது சம்பளம் இல்ல. ரேட்டு."

"ரேட்டுங்கறது யாரு? அல்லிநகரத்துக்காரியா?"

ஒச்சாண்டி லேத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மறுக்கவில்லை. மனைவி போனதும் மெதுவாக வந்தான்.

"நான் அம்புட்டுப் பெறுவேன்னு எனக்கே தெரியாதுய்யா," என்றான்.

ஏசுதாசனுக்கு விளக்கத் தெம்பில்லை. மாதக் கடைசியில் சீட்டுக் கிழியப்போகிறது என்று சொல்ல மனமுமில்லை. அன்றைக்கு அட்டையின் முதுகில் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தார். நூற்றைம்பது மணி ஓடினால் மணிக்கு இரண்டு ரூபாய். கால் பங்கு லாபத்தோடு இரண்டரை. மணி ஓடிய பிறகு ரேட் போடுவதற்குப் பதில், ரேட்டை முதலில் சொல்லிவிட்டு மணியைத் தேடிப் போவது என்று முடிவு செய்தார். முதலாளியிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ஒச்சாண்டியோடு இவரும் ஒரே பஸ்ஸில் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டவுன் பஸ் பிடித்தார். ஜெயமங்கலத்தில் நல்லகண்ணு என்ற சம்சாரி வரப்பில் நின்றிருந்தார்.

"மோட்டாரு எப்பிடி ஓடுது?"

"ஆத்தா புண்ணியத்துல நல்லா ஓடுதுய்யா."

"அப்பிடியா," என்று துக்கம் விசாரிக்க வந்த முகத்தோடு இரண்டரை ரூபாய் ரேட்டைச் சொல்லிவைத்துவிட்டு ஏசுதாசன் அடுத்த கிணற்றுக்கு நடந்தார்.

மறு ஞாயிறு சர்ச்சில், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள மோட்டார்கள் அனைத்துக்காகவும் ஊக்கமாக ஜெபித்தார். அவை பழுதாக வேண்டும் என்று. முன் பெஞ்சில் ஜேசுராஜும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் ஒருமனப்பட்டதால் பலன் சீக்கிரம் வந்தது. கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. மோட்டார்கள் மணலை இழுத்தன. ஷாஃப்டும் புஷ்ஷும் தேய்ந்து, சாக்கில் சுற்றப்பட்டுப் பஸ் ஏறி, இரண்டரை ரூபாயைத் தேடி வந்தன.

கரண்ட் விடியற்காலை நாலு மணிக்குத்தான் வந்தது. ஒச்சாண்டியும் நாலு மணிக்கே வந்து நின்றான். பதினைந்து ரூபாய் ஆளுக்குத் தூக்கம் எதற்கு?

மாதக் கடைசியில் நூற்றைம்பது மணி. மணிக்கு இரண்டு ரூபாய்.

"பாத்தீகளா, அட்டையோட மகிமைய!" என்றார் முதலாளி. இன்னும் ஆயிரம் அடிக்கச் சொன்னார். ஒச்சாண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஏசுதாசன் மேஜையில் வந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். ஒச்சாண்டி எதிரில் வந்து நின்றான். முகம் தொங்கியிருந்தது.

"ரெண்டு ரூவாயாமே?"

"ஆமா ஒச்சாண்டி. தப்பிச்சோம்."

"இருவது மணி ஓட்டுனப்பப் பதினஞ்சு. ராத்திரி பகல் பாக்காம நூத்தம்பது மணி ஓட்டுனதுக்கு ரெண்டா? நான் உங்களுக்கு என்னய்யா கெடுதல் செஞ்சேன்? வீட்டுல போயி என்ன சொல்லுவேன்?"

ஏசுதாசன் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கும் நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும்," என்றார்.

"ரெண்டு ரூவா ஆளு ஆறு மணிக்குத்தான் வருவான்," என்று ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஏசுதாசன் காலை மடக்கிக்கொண்டார். பென்சிலை எடுத்து, புது அட்டையின் ஓரத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மறுபடியும் வகுக்கத் தொடங்கினார்.